‘வேர்ல்டு’ என்று படித்து ‘வேர்டு’ என்று எழுதியது: ஒரு ஹார்டுவேர் வாலட் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனம்) கிடந்த பிட்காயினை, அதன் ரகசியச் சாவியை வைத்திருக்கும் ஹார்டுவேர் வாலட் என்ற சின்னக் கருவிக்கு மாற்றினார். அதில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் அவர் பெயர், பட்டறை இருக்கும் இடம், கருவியின் கம்பெனி, எக்ஸ்சேஞ்ச் எதுவும் இதில் வராது. அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தொடுகிறது, தமிழ் மீடியத்தில் படித்து ஐ.டி.ஐ. முடித்தவர், மைக்ரோமீட்டர் பிடித்தால் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாது. கம்ப்யூட்டர் என்றால் பில் போடுவதும் யூடியூப் பார்ப்பதும்தான். நான் அவர் பட்டறைக்குக் கம்ப்யூட்டர், கேமரா வேலையெல்லாம் பார்த்துக் கொடுப்பவன், பத்து வருடப் பழக்கம்.

2021-லிருந்து 2023 வரை கையில் காசு மிஞ்சிய மாதமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதில் அவரிடம் 0.18 பிட்காயின் சேர்ந்திருந்தது. 2024 ஆகஸ்டு விலைக்குச் சுமார் ரூ.9 லட்சம். எல்லாமே ஒரே எக்ஸ்சேஞ்சில். 2024 ஜூலை 18-ஆம் தேதி வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டுப் போய், வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பது நிறுத்தப்பட்ட செய்தி வந்தது. அண்ணன் காசு அதில் இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே கூப்பிட்டுவிட்டார்.

“நம்ம காசு நம்ம கையில இருக்கோணும் தம்பி. பென்டிரைவ் மாதிரி ஒண்ணு இருக்குதாமா, அதுல ஏத்தி வெச்சுக்கலாமாமா?”

ஏத்தி வைக்க முடியாது என்பதைப் புரியவைக்கவே இரண்டு டீ ஆனது. காயின் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில்தான் இருக்கிறது, அதை நகர்த்த ஒரு ரகசியச் சாவி வேண்டும், கருவி அந்தச் சாவியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு காசை அனுப்ப ஒப்புதலான டிஜிட்டல் கையெழுத்தை மட்டும் வெளியே கொடுக்கும், கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவி அதன் கைக்குப் போகாது. கருவி உடைந்தால்? கருவி முதலில் காட்டி நாம் எழுதி வைத்த 24 ஆங்கில வார்த்தைகளிலிருந்து அதே சாவியை இன்னொரு கருவியில் வரவழைக்கலாம். “அப்ப அந்தக் காயிதந்தான் காசுங்கிறீங்க” என்றார். ஆமாம் என்றேன். ஆனால் அன்றைக்குச் சொன்னது அவருக்கும் சரியாகப் பதியவில்லை, எனக்கும் முழுசாகப் பதியவில்லை என்பது பிறகு தெரிந்தது.

முதல் கருவி: திருப்பி அனுப்பியது

என்னைக் கேட்காமலேயே ஒரு ஆன்லைன் சந்தையில், யாரோ ஒரு விற்பனையாளரிடம், ஆயிரம் ரூபாய் குறைவு என்று ஒன்றை வாங்கிவிட்டார். பெட்டி சுத்தமாக இருந்தது, மேலே பிளாஸ்டிக் உறையும் பிரிக்காமல் இருந்தது. உள்ளே கருவியோடு ஒரு அட்டை. ரீசார்ஜ் கூப்பன் மாதிரி வெள்ளிப் பூச்சு, சுரண்டினால் 24 வார்த்தைகள், கீழே பின் நம்பர். “உங்கள் வாலட் தயாராக உள்ளது” என்று நல்ல ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். அண்ணனுக்குச் சந்தோஷம், வேலை மிச்சம் என்று.

24 வார்த்தைகள் ஏற்கெனவே அச்சாகி வந்தால் அச்சடித்தவனிடமும் அதே வார்த்தைகள் இருக்கின்றன. அண்ணன் காசு போட்ட பிறகு அவன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இந்தக் கருவி அவன் கையில் இருக்கவே தேவையில்லை. ஒழுங்கான எந்தக் கருவியும் வார்த்தைகளை உங்கள் முன்னால், தன் சொந்தத் திரையில்தான் உருவாக்கும், பின் நம்பரையும் நீங்கள்தான் வைப்பீர்கள். பழைய தந்திரம்தான் இது, 2018 தொடக்கத்திலேயே வெளிநாட்டில் இப்படிப் பணம் இழந்தவர் பற்றிச் செய்தி வந்திருக்கிறது.

ரீசெட் செய்துவிட்டுப் பயன்படுத்தலாமே என்று அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பெட்டிக்குள் அட்டையை வைத்தவன் கருவிக்குள்ளும் கை வைத்திருக்கலாம் என்பதால் வேண்டாம் என்றேன். திருப்பி அனுப்பி, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலேயே ஆர்டர் போட்டோம். சுங்க வரியோடு சேர்த்து அடக்கம் கூடத்தான் ஆனது.

செப்டம்பர்: சாப்பாட்டு மேசையில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் வீட்டில். கருவிக்குள் இருக்கும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) அப்டேட் செய்தோம், கருவி அசல்தானா என்று தயாரிப்பாளரின் மென்பொருள் சோதித்துப் பச்சை காட்டியது, பின் நம்பரை அண்ணன் வைத்தார். அப்புறம் புது வாலட் உருவாக்கும் இடம் வந்ததும் நான் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்த வார்த்தைகள் என் கண்ணில் படவே கூடாது என்பது நான் எப்போதும் வைத்திருக்கும் விதி. விதி சரிதான். ஆனால் மேசையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான்.

நடந்தது இது. கருவியின் திரை ஒரு கட்டைவிரல் அகலம்தான், எழுத்து பொடியாக வரும். அண்ணனுக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும், அது பட்டறையில் இருந்தது. பத்தாவது படிக்கும் மகள் திரையைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க, அவர் காகிதத்தில் எழுதினார். மகள் “வேர்ல்டு” என்றாள். அவர் காதில் “வேர்டு” என்று விழுந்தது, அப்படியே எழுதினார்.

எழுதி முடித்ததும் கருவி 24 வார்த்தையையும் வரிசையாகத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கும். அங்கேயாவது மாட்டியிருக்க வேண்டும் இல்லையா? இப்போது அண்ணன் காகிதத்தைப் பார்த்து “வேர்டு” என்று படித்தார், மகள் பொத்தானை அழுத்தி நகர்த்திக்கொண்டே வந்து, கண்ணில் பட்ட “வேர்ல்டு” என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அப்பா உச்சரிப்பு அவளுக்குப் பழக்கம்தானே. கருவிக்குத் திருப்தி, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டது.

காதால் கேட்டு எழுதி, காதால் கேட்டே சரிபார்த்தார்கள். ஒரே ஓட்டை இரண்டு வலையிலும் இருந்தது.

அழித்துப் பார்த்தது

எக்ஸ்சேஞ்சில் வெளி முகவரியைப் பதிவு செய்து, அது சொன்ன காத்திருப்பு நேரமும் முடிந்ததும், 0.0005 பிட்காயின் மட்டும் அனுப்பினோம். சுமார் ரூ.2,500. வந்து சேர்ந்தது. அண்ணன் உடனே மீதியையும் அனுப்பிவிடலாம் என்றார். நான் விடவில்லை, அடுத்த ஞாயிறு கருவியை அழிக்க வேண்டும் என்றேன்.

“நல்லா இருக்கறத எதுக்குத் தம்பி அழிக்கோணும்?”

காகிதம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி கிடையாது. ரூ.2,500 இருக்கும்போது அழித்தால் தோற்றாலும் ரூ.2,500-ஓடு போகும். ஒன்றுமே இல்லாத வாலட்டை அழித்து மீட்டால், மீண்டது பழசுதானா என்று கண்ணுக்குத் தெரிவதற்கு அடையாளம் இருக்காது. அதனால்தான் கொஞ்சம் காசு போட்டு அழிப்பது. அழிக்காமலேயே காகிதத்தைச் சோதிக்கும் வசதியும் சில கருவிகளில் உண்டு, ஆனால் முதல் தடவை நிஜமாக அழித்துப் பார்ப்பது மனதில் நிற்கும் என்று நினைத்தேன்.

வேண்டுமென்றே மூன்று தடவை தப்பான பின் போட்டார். கருவி தன்னைத்தானே துடைத்துக்கொண்டு, கடையிலிருந்து வந்த நாள் மாதிரி நின்றது. இப்போது மீட்க வேண்டும். இரண்டு பொத்தானை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, 24 வார்த்தை. முக்கால் மணி நேரம். கடைசி வார்த்தையும் போட்டு முடித்ததும் திரையில் வந்தது: வார்த்தைகள் செல்லாது.

அண்ணன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அழுத்தியதில் எங்கோ தவறு என்று நினைத்து இரண்டாம் முறை போட்டார். அரை மணி. மறுபடியும் செல்லாது.

இந்த வார்த்தைகள் கண்டபடி வருபவை அல்ல. பிப்39 என்ற பொதுத் தரத்தில் 2048 வார்த்தைகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது, அதிலிருந்துதான் வரும். 24 வார்த்தைக்குள்ளேயே ஒரு சரிபார்ப்புக் கணக்கும் ஒளிந்திருக்கிறது, ஒரு வார்த்தை மாறிப்போனால் 256-ல் 255 தடவை அது கண்டுபிடித்துவிடும். பட்டியலில் இல்லாத வார்த்தையை எழுதியிருந்தால் தட்டும்போதே கருவி மறுத்திருக்கும். மறுக்கவில்லை. ஆக, எழுதியிருப்பது பட்டியலில் உள்ள வார்த்தைதான், ஆனால் வேறு வார்த்தை.

ஒரு வார்த்தை மட்டும் தப்பு என்றால் 24 இடம், இடத்துக்கு 2047 மாற்று, மொத்தம் சுமார் 49,000 சேர்க்கைதான். கம்ப்யூட்டரில் நொடிகளில் தேடிவிடலாம். நான் செய்யவில்லை. இந்த வார்த்தைகளைக் கருவியைத் தவிர வேறு எதிலும் தட்டக் கூடாது என்று போன வாரம்தான் அவரிடம் சொல்லியிருந்தேன், ரூ.2,500-க்காக நானே அதை மீறினால் அடுத்த தடவை ரூ.9 லட்சத்துக்கு அவரும் மீறுவார். அதற்குப் பதில் 2048 வார்த்தைப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். அது எல்லாருக்கும் திறந்த பட்டியல், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. காகிதத்தில் உள்ள ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில், காதில் ஒரே மாதிரி விழும் வேறு வார்த்தை உண்டா என்று பாருங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் மகள் கத்தினாள்: “அப்பா, நான் வேர்ல்டுன்னுதானே சொன்னேன், நீங்க எல் போடவே இல்லை!”

வேர்டு, வொர்க், வேர்ல்டு மூன்றும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றாம் முறை போட்டபோது 0.0005 வந்து நின்றது.

போட்டோ

இந்த நிகழ்வில் நான் அதிகம் பயந்தது வேறு இடத்தில். இரண்டாம் முறையும் தோற்றபோது அண்ணன், “இருங்க தம்பி, எதுக்கும் இருக்கட்டும்னு போட்டோ எடுத்து வெச்சிருக்கறேன்” என்று போனை எடுத்தார். அதே காகிதம், அதே தப்போடு. மீட்க உதவாது, திருடனுக்குக் கிட்டத்தட்ட முழுசாக உதவும். போனில் போட்டோக்கள் தானாகவே கூகுள் கணக்குக்கு ஏறுகின்றன. அது போதாது என்று வாட்ஸ்அப்பில் அண்ணிக்கும் அனுப்பியிருந்தார்.

அழித்துவிடலாமே என்றார். போனில் அழிக்கலாம், கூகுளில் அழிக்கலாம், குப்பைத் தொட்டியிலும் அழிக்கலாம், அண்ணி போனிலும், அவர் போனின் பேக்கப்பிலும். அத்தனையும் செய்து முடித்த பிறகும் இதற்கிடையில் யார் கையிலும் படவில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த 24 வார்த்தைகளும் செத்தவை என்று முடிவெடுத்தோம். புது வார்த்தைகள் உருவாக்குவதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஒரு மணி நேரம்தான்.

இந்தத் தடவை அண்ணன் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதினார். எல்லார் போனும் கூடத்தில் டிவி மேல் இருந்தது. சரிபார்த்து, மறுபடி அழித்து, மறுபடி மீட்டார். முதல் தடவையிலேயே வந்தது.

பழைய வாலட்டில் இருந்த ரூ.2,500-ஐ எடுக்கவில்லை. எடுக்கக் கட்டணம் போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அண்ணனே சொன்னது: “அது அங்கியே கெடக்கட்டும். போட்டோவ எவனாச்சும் பாத்திருந்தா மொதல்ல அதத்தானே எடுப்பான்?” எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லு மாதிரி. பழைய காகிதத்தில் சிவப்பு மையில் ‘பழசு’ என்று எழுதித் தனியாக வைத்தார்.

பாஸ்ஃபிரேஸ் வேண்டாம் என்றது

24 வார்த்தைக்கு மேல் 25-ஆவதாக நாமே ஒரு ரகசியச் சொல் (பாஸ்ஃபிரேஸ்) சேர்க்கலாம் என்று எங்கோ பார்த்துவிட்டு வந்தார். சேர்க்கலாம், காகிதம் திருடு போனாலும் காசு தப்பிக்கும். ஆனால் அதில் தப்பு விட்டால் கருவி “தப்பு” என்று சொல்லாது. எந்தச் சொல்லைப் போட்டாலும் அதற்கென ஒரு வாலட்டைத் திறந்து காட்டும், காலியாக. ஒரு எல் விட்டதற்கே இந்தப் பாடு, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் அண்ணி எங்கே போய்த் தேடுவார்? இந்த வீட்டில் திருடனைவிட மறதிதான் பெரிய ஆபத்து என்று எனக்குப் பட்டது. வேறொரு வீடாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பணம் மாற்றிய நாள்

புது வாலட்டுக்கு முதலில் சின்னத் தொகை, அது சேர்ந்ததும் மீதி இரண்டு தவணை. ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்சேஞ்ச் தனித்தனியாகக் கட்டணம் பிடித்தது, அண்ணன் முணுமுணுத்தார், நான் கண்டுகொள்ளவில்லை.

முகவரி 42 எழுத்து. கம்ப்யூட்டரில் காப்பி செய்து ஒட்டினால், ஒட்டும் நேரத்தில் முகவரியையே மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. அதனால் மூன்று இடத்தில் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: எக்ஸ்சேஞ்ச் பக்கம், வாலட் மென்பொருள், கருவியின் சின்னத் திரை. சந்தேகம் வந்தால் கருவியின் திரை சொல்வதுதான் கணக்கு. முதல் நாலு, கடைசி நாலு பார்த்தால் போதாதா என்றார். செய்த பாகத்தில் இரண்டு ஓரத்தை மட்டும் அளந்து அனுப்புவீங்களா என்று கேட்டேன், சிரித்துவிட்டு முழுசும் நாலு நாலாகப் படித்தார்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. வாசிர்எக்ஸில் கையெழுத்திட்டவர்களிடமும் ஹார்டுவேர் வாலட் இருந்தது. திரையில் காட்டியது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறு என்பதுதான் அந்த நிறுவனமே சொன்ன விளக்கம். அதன்பிறகு 2025 பிப்ரவரி 21-ல் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனதும் கிட்டத்தட்ட இதே பாணிதான், கையெழுத்திடுபவர்கள் பார்த்த பக்கத்தையே மாற்றிவிட்டார்கள். கருவி நல்ல கருவியாகவே இருந்தாலும், படிக்காமல் பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்ட மாதிரிதான்.

முதல் தொகை சேர்ந்ததும் மென்பொருள் புதிதாக வேறு முகவரியைக் காட்டியது. பழைய முகவரி செத்துவிட்டதா என்று பதறினார். இல்லை, அதே 24 வார்த்தையிலிருந்து எத்தனை முகவரி வேண்டுமானாலும் வரும், பழசும் செல்லும், ஒவ்வொரு தடவையும் புதுசு கொடுப்பது நம் கணக்கை அடுத்தவர் எளிதில் தொடராமல் இருக்கத்தான்.

எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியேறும் முன் 2021-லிருந்து வாங்கிய விவரம் முழுவதையும் இறக்கி, அச்செடுத்து, ஆடிட்டரிடம் ஒரு பிரதி கொடுத்தோம். சொந்த வாலட்டுக்கு மாற்றியதை ஆடிட்டர் விற்பனையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என்றாவது விற்கும்போது லாபத்துக்கு 30 சதவீதம் வரி, கழித்துக்கொள்ளக் கிடைப்பது வாங்கிய விலை மட்டும். அதற்கு ஆதாரம் இந்தத் தாள்கள்தான். எக்ஸ்சேஞ்சே மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

தகடு

காகிதம் நனையும், கரையான் அரிக்கும். இரும்பில் பொறிக்கலாம் என்றதும் அண்ணன் முகத்தில் அந்த மாதத்தில் முதல் தடவையாக வெளிச்சம். இது அவர் ஏரியா. பாகங்களுக்கு நம்பர் அடிக்க வைத்திருக்கும் 3 மில்லிமீட்டர் லெட்டர் பஞ்ச் செட், 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் தகடு. ஆட்கள் இல்லாத ஞாயிறு மதியம், ஷட்டரை இறக்கிவிட்டு, பட்டறைக் கேமராவின் ஒயரையும் பிடுங்கிவிட்டு (இது நான் சொல்லாமல் அவரே செய்தது) உட்கார்ந்து அடித்திருக்கிறார். அந்த 2048 வார்த்தையில் எந்த இரண்டுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது, அதனால் வார்த்தைக்கு நாலு எழுத்து அடித்தால் போதும், மொத்தம் 96-க்கு மேல் போகாது.

முதல் தகடு வீண். ஆங்கில எம் பஞ்சைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் டபிள்யூ மாதிரி விழுகிறது. வரிசை எண்ணில் 6-க்கும் 9-க்கும் அந்தச் செட்டில் ஒரே பஞ்ச். இரண்டாவது தகட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடிப்பக்கம் ஒரு கோடு கீறிவிட்டு அடித்தார், பட்டறையில் 6, 9-க்குச் செய்யும் அதே வழக்கம்தான். வீணான தகட்டைப் பழைய இரும்பில் போட்டுவிடப் போகிறாரே என்று போன் செய்தேன், ஏற்கெனவே கிரைண்டரில் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார்.

காகிதம் ஓரிடம், தகடு இன்னோரிடம். எங்கே என்று எனக்கும் தெரியாது, அண்ணிக்குத் தெரியும்.

ஜனவரி: மின்னஞ்சல்

2025 ஜனவரியில் அவருக்கு ஒரு மின்னஞ்சல், கருவிக் கம்பெனியின் முத்திரையோடு. பாதுகாப்புக் கோளாறு, 48 மணி நேரத்துக்குள் வாலட்டைச் சரிபார்க்காவிட்டால் முடக்கப்படும், கீழே உள்ள பக்கத்தில் 24 வார்த்தையை இடவும். அண்ணன் தகட்டை எடுக்க எழுந்துவிட்டார். தடுத்தது அண்ணி: “ஏனுங்க, அதக் கேட்டா கம்பெனிக்காரனா இருந்தாலும் குடுக்கக் கூடாதுன்னு அந்தத் தம்பி சொன்னாப்லயே.” அதோடு நின்றது.

இந்த மாதிரி அஞ்சல்கள் எங்கிருந்தாவது கசிந்த முகவரிப் பட்டியலை வைத்துத்தான் வரும். 2020-ல் லெட்ஜர் என்ற ஹார்டுவேர் வாலட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல் கசிந்து, அந்த டிசம்பரில் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் இணையத்தில் கொட்டப்பட்டன. அவர்களில் சிலர் வீட்டுக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது. அன்று முதல் அண்ணன் இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்திருக்கிறார். கொஞ்சம் தாமதம்தான்.

மே: பையன் கை வைத்தது

கோடை விடுமுறை. எட்டாவது படிக்கும் பையன் படம் ஏற்றப் பென்டிரைவ் தேடியிருக்கிறான். கருவி அதே டிராயரில், பென்டிரைவ்களோடு. செருகியதும் பின் கேட்டது, அப்பா பிறந்த நாள், வண்டி நம்பர், அக்கா பிறந்த நாள் என்று மூன்று போட்டான். துடைத்துக்கொண்டது.

ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் போன். நான் அப்போது சென்னையில். குரலில் பதற்றம் இருந்தது, ஆனால் செப்டம்பரில் பார்த்த அந்த முகம் இல்லை. “மூணு தடவ இதையேதான் நாமளும் பண்ணுனோம். தகட்ட எடுத்துட்டு வந்துட்டேன்” என்றார். வார்த்தை எதையும் போனில் வாயால் சொல்லாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். தனியாகவே உட்கார்ந்து அரை மணி நேரத்தில் போட்டார், கருவி ஏற்றுக்கொண்டது.

மென்பொருளைத் திறந்தால் இருப்பு பூஜ்ஜியம்.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இடையில் லேப்டாப் மாறியிருந்தது, உறவுக்காரப் பையன் ஒருவன் வேறு மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தான். ஒரே 24 வார்த்தையிலிருந்து பிட்காயினுக்குப் பல வகைக் கணக்குகள் பிறக்கும், 1-ல் தொடங்கும் பழைய வகை முகவரி, 3-ல் தொடங்குவது, ‘பிசி1’ என்று தொடங்கும் புது வகை. காசு இருந்தது புது வகையில், இவர் திறந்தது பழைய வகை. புதுசைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் எல்லாம் வந்தது. நடுவில் அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கே சங்கடம். காகிதத்தில் கணக்கு வகையை ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் அது நேர்ந்திருக்காது.

இப்போது செய்வதென்றால்

போன்களை முதலிலேயே அறைக்கு வெளியே வைப்பேன், சொல்லி வைத்தால் போதும் என்று விடமாட்டேன். வார்த்தைகளைப் பார்க்காமல் திரும்பி நிற்பது தொடரும், ஆனால் யார் படிக்கிறார், யார் எழுதுகிறார் என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். சத்தமாகப் படிப்பதே கூடாது, பக்கத்து வீடு கேட்கும் என்பதைவிட எல் விழாமல் போகும் என்பதற்காக. கருவி எங்கே வைக்கப்படுகிறது என்றும் கேட்பேன். அதில் காசு இல்லை, காகிதத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, கருவியை டிராயரில் போடும் அளவுக்கு அவரை அலட்சியமாக்கியது நான்தான்.

காகிதத்தோடு இப்போது தமிழில் ஒரு பக்கக் குறிப்பு இருக்கிறது: இது என்ன, எந்த வகைக் கணக்கு, எந்த மென்பொருள், கடைசியாக எப்போது சோதித்தது, யாரிடம் கேட்கலாம், யார் கேட்டாலும் எதைச் சொல்லக் கூடாது. அண்ணிக்காக எழுதியது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கிரிப்டோவும் சொத்துதான் என்று சொல்லியிருக்கிறது, நல்லதுதான், வாரிசுக்கு உரிமை என்று வாதாட அது உதவும். ஆனால் 24 வார்த்தை தொலைந்துவிட்டால் எந்த நீதிமன்ற உத்தரவாலும் வாலட்டைத் திறக்க முடியாது. அதனால்தான் அதற்கு முந்தைய மாதமே, 2025 செப்டம்பரில், அண்ணியை உட்காரவைத்து, அண்ணன் வாயைத் திறக்காமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீட்கச் சொன்னோம். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கணக்கு வகை வரியில் தடுமாறினார், அந்த வரியை அவரே தன் வார்த்தையில் திருத்தி எழுதினார்.

பழைய வாலட்டில் விட்ட 0.0005 இன்னும் அப்படியே இருக்கிறது. போட்டோவை யாரும் பார்க்கவில்லை என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது, பார்த்தவன் பெரிய மீனுக்குக் காத்திருக்கலாம். அக்டோபரில் பிட்காயின் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியபோது அந்த எலிப்பொறித் தேங்காய் ரூ.5,000-க்கு மேல் ஆகியிருந்தது. அண்ணன் போன் செய்து, “அதையும் எடுத்துடலாமா தம்பி?” என்று கேட்டார்.